தொண்டையில் சிக்கிய மல்லாட்டை

2024 தொடக்கம் வரை பூங்குழலி சினிமாவுக்காகப் பாடிய பாட்டுகள் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்றில்கூட அவள் குரல் தியேட்டரில் கேட்டதில்லை.

இதைச் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. யாரும் அவளை ஏமாற்றவில்லை. அவள் பாடுவது ட்ராக். மெட்டுப் போட்டு, வரி எழுதி முடித்த கையோடு யாராவது ஒருத்தர் பாட்டை முழுசாகப் பாடிக் கொடுக்க வேண்டும். டைரக்டர் கேட்டுப் பார்க்கவும், படப்பிடிப்பில் நடிகை வாயசைக்கவும், கடைசியில் வரப்போகும் பெரிய பாடகி காதில் மாட்டிக்கொண்டு கற்றுக்கொள்ளவும் அந்தக் குரல்தான். பெரிய பாடகி வந்து பாடிவிட்டுப் போனதும் ட்ராக் குரலை அணைத்துவிடுவார்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி. சாரம் கட்டியவர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவார். பூங்குழலியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

செஞ்சியிலிருந்து விடியற்கால பஸ்ஸில் திண்டிவனம், அங்கே மாறி சென்னை, வடபழனியில் இறங்கி ஒரு டீ. ஸ்டுடியோவில் மெட்டை இரண்டு தரம் கேட்பாள், மூன்றாவது தரம் பாடிவிடுவாள். இந்த வேகத்துக்காகவே இசையமைப்பாளர் இராமச்சந்திரன் அவளை விடவில்லை. அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "நீ சுவத்துக்கு வெள்ளை அடிச்சுட்டு வந்துடும்மா. படம் மாட்ட வேற ஆள் வருவாங்க." அதாவது, ட்ராக்கில் சொந்தச் சங்கதி கூடாது, கொஞ்சல் கூடாது, பாடுகிறவளின் முத்திரை எதுவும் விழக்கூடாது. பூங்குழலி பன்னிரண்டு வருஷமாக ஒழுங்காக வெள்ளையடித்தாள். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பி, போகிற வழியில் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அவள் சென்னைக்குப் போனதே தற்செயல். செஞ்சியில் கௌஸ் பாஷா சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் கோவில் திருவிழாவோ சந்தனக்கூடோ கல்யாணமோ, அவர் பாக்ஸ் ஸ்பீக்கர் இல்லாமல் நடக்காது. கூடவே ஒரு இன்னிசைக் குழுவும் உண்டு. அதில் பூங்குழலி பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் இராமச்சந்திரனிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். ஒருநாள் வழக்கமாக ட்ராக் பாடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல். இவன் பூங்குழலிக்கு போன் போட்டான். அவள் போய்ப் பாடிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் கதை.

ஆனால் ஆசை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு பாட்டு. தியேட்டரில், இருட்டில், பெரிய திரையில், தன் குரல் வர வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால் அப்புறம் எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் பாடலாம். இந்த ஆசையை அவள் தன் வீட்டுக்காரர் நெடுமாறனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். நெடுமாறனிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. அவர் மார்க்கெட் கமிட்டி பக்கத்தில் மல்லாட்டை மண்டியில் வேலை பார்க்கிறார். வேர்க்கடலைக்குச் செஞ்சிப் பக்கம் மல்லாட்டை என்று பேர். மூட்டை இறக்குகிற நேரத்தில் யாருடைய செல்லிலாவது அவள் ட்ராக் பாடிய பாட்டு வந்துவிட்டால் போதும், இது எங்க வூட்டுப் பாட்டு என்று ஆரம்பித்துவிடுவார். மண்டியில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

"உங்க வூட்டுப் பாட்டா? அப்ப இன்னாத்துக்குண்ணா வேற யாரோ பேரு போட்டுக்குது?"

"அது ட்ராக்குடா. உனுக்குச் சொன்னா புரியாது."

"புரியுதுண்ணா. நெல்லு உங்க வூட்ல அவிச்சது. சோறு வேற வூட்ல."

இந்த நெல்லுச் சோறு பேச்சு கமிட்டி பூராவும் பரவி, நெடுமாறனுக்கு 'அவிச்ச நெல்லு' என்று பேரே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஒருநாள் பாருங்கடா என்று மட்டும் சொல்லிவைத்தார். அந்த ஒருநாளைப் பற்றி பூங்குழலிக்குத்தான் கவலை.

2022 பங்குனியில், மல்லாட்டை வரத்து உச்சத்தில் இருந்த சமயம், ஒரு ட்ராக்குக்கு அழைப்பு வந்தது. முந்தின நாள் நெடுமாறன் புதுசாக வறுத்த மல்லாட்டையை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். பாடப் போகிறவர்கள் வறுத்த கடலையைத் தொடக் கூடாது என்பது பாட்டுக்காரர்களுக்குள் தெரிந்த விஷயம். எண்ணெய் தொண்டையில் படியும், அந்தச் சிவப்புத் தோல் எங்கேயாவது ஒட்டிக்கொள்ளும். இது பூங்குழலிக்கும் தெரியும். ஆனால் செஞ்சிக்காரிக்குப் பங்குனி மாசத்தில் மடியில் மல்லாட்டையை வைத்துக்கொண்டு சும்மா உட்காரவும் முடியாது. பஸ் ஓங்கூர் தாண்டுவதற்குள் பை காலி.

பாட்டில் இரண்டாவது சரணம். 'போகாதே என்றேனா' என்று ஒரு வரி. ஒரே மூச்சில் போக வேண்டியது. 'போகாதே' வரைக்கும் வந்தாள். உள்நாக்குக்குப் பின்னால் எங்கேயோ பதுங்கியிருந்த தோல் ஒன்று அந்த நேரம் பார்த்துக் கிளம்பியது. இருமினால் டேக் போச்சு. அவள் குரலை நிறுத்தி, எச்சிலை விழுங்கி, தாளம் தவறாமல் 'என்றேனா' என்று முடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இராமச்சந்திரன் எழுந்து நிற்பது தெரிந்தது. இன்னொரு டேக் போகலாம் சார் என்றாள்.

"வேணாம். அது இருக்கட்டும்." அவர் அந்த இடத்தை இன்னொரு தரம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "நடுவுல நிறுத்தின அந்த கேப்பு, அதை எங்கேம்மா புடிச்ச?" என்றார்.

சும்மா வந்துடுச்சு சார் என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

அந்தப் பாட்டைப் பாட மும்பையிலிருந்து வந்தவர் அஃப்ஷான். இந்தியாவில் எல்லா மொழியிலும் பாடுகிறவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மொழி தெரியாத பாடகிகளுக்கு ட்ராக்தான் வாத்தியார். எங்கே அழுத்தம், எங்கே மூச்சு என்று அத்தனையையும் காதால் வாங்கி அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள். அஃப்ஷான் அதில் பெரிய கெட்டிக்காரர். 'போகாதே' என்று நிறுத்தினார். விழுங்கினார். 'என்றேனா' என்றார். மல்லாட்டைத் தோல் இல்லாமலே தோல் சிக்கிய மாதிரி.

பாட்டு வந்த வாரமே நாடெல்லாம் அந்த நிறுத்தம்தான். அதற்கு 'அஃப்ஷான் கேப்' என்று பேர் வைத்தார்கள். ரீல்ஸில் பெண்கள் 'போகாதே' என்று வாயசைத்து, அந்த இடத்தில் மட்டும் கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்கள். ஒரு விமர்சகர், அந்த மௌனத்தில் ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது என்று எழுதினார். நெடுமாறன் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். பூங்குழலி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாமவர் கௌஸ் பாஷா. நெடுமாறன் சொன்னபோது அவர் சவுண்ட் மிக்ஸரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினார். அந்த ஆடியில் அவலூர்பேட்டைத் திருவிழாவுக்கு அவருடைய குழுதான் கச்சேரி. கூட்டம் அஃப்ஷான் பாட்டைக் கேட்டுக் கத்தியது. பூங்குழலி பாடினாள். மல்லாட்டை எதுவும் தின்னாமல், ஞாபகத்திலிருந்து அந்த இடத்தை நிறுத்தினாள். கைதட்டல் நன்றாகவே வந்தது. இறங்கி வரும்போது மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"சூப்பரா பாடினக்கா. ஆனா அந்த கேப்பு மட்டும் அஃப்ஷான் மாதிரி வரல. இன்னும் கொஞ்சம் ஃபீல் வேணும்."

அடுத்த தடவை சரி பண்ணிக்கறேன்மா என்றாள் பூங்குழலி. பின்னால் கௌஸ் பாஷா ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவள் காதில் மட்டும் விழும்படி, "அடுத்த தபா ஒரு படி வறுத்து எடுத்தாந்துடு குழலி, ஃபீல் தானா வரும்" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இரண்டு வருஷம் போனது. 2024 ஏப்ரலில் இராமச்சந்திரன் கூப்பிட்டார். இந்தத் தடவை ட்ராக் மட்டும் இல்லை என்றார். வெற்றிவேல் என்று ஒரு புது டைரக்டர். சின்னப் படம், பெரிய பாடகிக்கெல்லாம் வழியில்லை. பூங்குழலி பாடுவது நன்றாக அமைந்தால் அதுவே படத்தில் இருக்கும். பூங்குழலி போனை வைத்துவிட்டு நெடுமாறனிடம் சொன்னாள். சொன்ன கையோடு, கமிட்டியில் வாயைத் திறந்தால் ஒரு மாசத்துக்குக் குழம்பில் உப்பு இருக்காது என்று மிரட்டியும் வைத்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் தண்ணீர் பாட்டில் மட்டும். பக்கத்து சீட்டுக்காரம்மா முறுக்கு நீட்டியதைக்கூட வாங்கவில்லை.

வெற்றிவேல் முப்பது வயசு தாண்டாத பையன். மரியாதையாகப் பேசினான். பாட்டு என்ன, இடம் என்ன, அந்தப் பெண் ஏன் பாடுகிறாள் என்று எல்லாம் சொன்னான். கடைசியில் ஒன்று கேட்டான். சரணத்தின் இரண்டாவது வரியில், அஃப்ஷான் மேடம் அந்தப் பாட்டில் ஒரு கேப் விடுவார்களே, அதே மாதிரி ஒன்று வைக்க முடியுமா?

இராமச்சந்திரன் பூங்குழலியைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். டைரக்டர் சொன்னபடி செய்வதுதான் ட்ராக் பாடுகிறவளுக்கு அழகு. ஆனால் வைத்தால் என்ன ஆகும் என்று பூங்குழலி நினைத்துப் பார்த்தாள். தன் குரல் தியேட்டரில் வருகிற ஒரே பாட்டு, அதிலும் அவலூர்பேட்டைக்காரி மாதிரி ஆயிரம் பேர், அஃப்ஷானை நல்லாக் காப்பி அடிக்கிறாப்பா என்பார்கள்.

"அது அந்தம்மாவோடது தம்பி," என்றாள். "நம்ம பாட்டுக்கு வேணாமே. நேராப் பாடறேன், கேட்டுப் பாருங்க."

நேராகப் பாடினாள். நிறுத்தமில்லாமல், ஏரித் தண்ணீர் மதகு வழியாகப் போவது மாதிரி அந்த வரி போனது. வெள்ளையடிக்கிற கைதான், ஆனால் அன்றைக்கு அவள் சுவரோரமாக ஒரு சின்னக் கோலமும் போட்டாள். இராமச்சந்திரன் அதை அழிக்கச் சொல்லவில்லை. வெற்றிவேல் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கேப் வேணாம் சார் என்றான்.

படப்பிடிப்பு பனமலையில். ஏரிக்கரை மேல் கதாநாயகி நடந்துகொண்டே பாட வேண்டும், பின்னால் குன்றும் கோவிலும். மொத்தச் சரணத்தையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது என்று வெற்றிவேல் முடிவு செய்திருந்தான். முகத்துக்கு முன்னால் கேமரா பின்வாங்கிக்கொண்டே போகும். பாட்டை ஒலிக்கவிட ஸ்பீக்கர் கௌஸ் பாஷாவுடையது. அவர் தகவல் கொடுக்க, பூங்குழலியும் நெடுமாறனும் வண்டியில் போய், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊர்க் கூட்டத்தோடு நின்றார்கள். ஏரி முழுக்க அவள் குரல். கதாநாயகி அந்தக் குரலின் மூச்சையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். பூங்குழலி எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே அந்தப் பெண்ணின் தோள் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, குரலு நல்லாக்குது, யாரு பாடறது என்று பொதுவாகக் கேட்டார். நெடுமாறன் வாயைத் திறந்தார். பூங்குழலி அவர் இடுப்பில் கிள்ளினாள்.

கிள்ளியது நல்லதாகப் போயிற்று என்று பத்து நாளில் தெரிந்தது. எடுத்த வரைக்கும் பார்த்த ஒரு பெரிய கம்பெனி படத்தை வாங்கிக்கொண்டது. இப்போது காசுக்குப் பஞ்சமில்லை. முதல் காரியமாக, பாட்டுக்கு அஃப்ஷான் வேண்டும் என்றார்கள். அஃப்ஷான் பேர் இருந்தால் படம் வருவதற்கு முன்பே பாட்டு ஓடும். இராமச்சந்திரன் போனில் இதைச் சொல்லச் சங்கடப்பட்டார். அவருடைய சங்கடத்தைப் புரிந்துகொண்டு பூங்குழலியே, பரவால்ல சார், எனக்குப் பழக்கம்தானே என்றாள். போனை வைத்துவிட்டு, ஊறவைத்திருந்த உளுந்தை கிரைண்டரில் போட்டு, தேவைக்கு மேல் ரொம்ப நேரம் ஆட்டினாள். நெடுமாறன் அன்றைக்குக் கமிட்டி பேச்சையே எடுக்கவில்லை. இட்லி மட்டும் பஞ்சு மாதிரி வந்தது.

அஃப்ஷான் வந்தார், பாடினார், வெளிநாட்டுக் கச்சேரிக்கு விமானம் ஏறிவிட்டார். புரட்டாசியில் ஒரு பிற்பகல் இராமச்சந்திரனிடமிருந்து போன். பூங்குழலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூங்குழலி, அந்தம்மா கேப் விட்டுட்டாங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இப்போதெல்லாம் அஃப்ஷான் எந்தப் பாட்டிலும் ஒரு இடத்தில் அந்த நிறுத்தத்தை வைத்துவிடுகிறார். ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள், கம்பெனியும் கேட்டு வாங்குகிறது. இந்தப் பாட்டிலும் சரணத்தின் இரண்டாவது வரியில் வைத்துவிட்டார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. படத்தோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் வம்பு.

"குரல் நிக்குது, அந்தப் பொண்ணு வாய் நிக்காம போய்க்கிட்டே இருக்குது. மூஞ்சி மட்டும் தெரியற ஷாட். ஒரே ஓட்டம், வெட்டவும் இடம் இல்ல."

கம்ப்யூட்டரில் இழுத்துப் பார்த்தார்களாம், ஒட்டிப் பார்த்தார்களாம். நிறுத்தத்தை எடுத்தால் அடுத்த சொல் மூச்சு வாங்காத ஆள் பேசுவது மாதிரி விழுந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் ஏரியில் தண்ணீர் நிலை மாறிவிட்டது, கதாநாயகி வேறு படத்துக்கு முடியை வெட்டிக்கொண்டாள். அஃப்ஷானை மறுபடி பாடவைக்கலாம் என்றால் அவர் திரும்புவதற்குள் படம் வெளிவரும் தேதி வந்துவிடும். கடைசியில் வெற்றிவேல்தான் மேஜையைத் தட்டினானாம். இத்தனை மாசமாக ட்ராக்கைக் கேட்டுத்தான் எடிட் செய்தேன், கதாநாயகியின் குரல் எனக்கு அதுதான், மாற்றினால் வேறு யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறது என்று.

ஆக, ஆன்லைனில் வரும் பாட்டு அஃப்ஷானுடையது. தியேட்டரில் வருவது ட்ராக். கம்பெனியும் சரி என்றுவிட்டது.

பூங்குழலி கையில் ஈரப் புடவையோடு கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் தின்ற ஒரு பை மல்லாட்டை எங்கெல்லாம் சுற்றி, யார் யார் தொண்டையிலெல்லாம் ஏறி இறங்கி, எங்கே வந்து நிற்கிறது.

"கேக்குதாம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"டைட்டில்ல பேர் எப்படிப் போடறது?"

பூங்குழலின்னு போதும் சார் என்றாள். அவர் தன்னிஷ்டத்துக்குச் 'செஞ்சி பூங்குழலி' என்று போடச் சொல்லிவிட்டார்.

படம் கார்த்திகையில் வந்தது. செஞ்சியில் முதல் நாள் மதியக் காட்சிக்கு மல்லாட்டை மண்டியே காலியாகி வந்து பின் வரிசைகளில் உட்கார்ந்தது. கௌஸ் பாஷா மட்டும் உட்காராமல் சுவரோரம் நின்று, தியேட்டர் ஸ்பீக்கரில் பேஸ் சத்தம் பத்தவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பேர் வந்தபோது நெடுமாறன் நாற்காலி நுனிக்கு வந்தார். விசிலெல்லாம் மண்டிக்காரர்கள் அடித்தது. பாட்டு வந்தது. பனமலை ஏரி, அந்தப் பெண்ணின் முகம், பூங்குழலியின் குரல். சரணத்தின் இரண்டாவது வரி எங்கும் நிற்காமல் போனது.

விளக்குப் போட்டதும் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னாண்ணா, ஆன்லைன்ல கேட்டப்ப அங்க ஒரு கேப்பு இருந்துச்சே. இதுல காணோம்?"

நெடுமாறன் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு திரும்பினார். "அது வேற வூட்டுச் சோறு," என்றார். "இது எங்க வூட்டுது."

அடுத்த வாரம் பூங்குழலி சென்னைக்குப் போகும்போது ஒரு பை வறுத்த மல்லாட்டையை எடுத்துப் போனாள். பஸ்ஸில் பிரிக்கவில்லை. ஸ்டுடியோவில் இராமச்சந்திரன் முன்னால் வைத்தாள். அவர் உடைத்து உடைத்துத் தின்றபடியே, நீ எடுத்துக்கலையா என்றார். பாடிட்டுத் தின்னுக்கறேன் சார் என்று சொல்லி ஹெட்போனை மாட்டினாள்.

அன்றைக்குப் பாடியது ட்ராக். அந்த வாரக் கடைசியில் அஃப்ஷான் வந்து அதைப் பாட இருந்தார்.